பதின்வயதுப் பிள்ளைக்கு நிறை குறைக்கும் ஒப்பரேசனா, ஊசியா, இன்னும் கொஞ்சம் பொறுப்பதா?

கொஞ்ச நாட்களாக ஒரே கேள்வி மூன்று வீடுகளில் இருந்து என்னிடம் வந்திருக்கிறது. பரந்தன் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்டார்: "மிஸி, மகளுக்கு 16 வயது, 104 கிலோ. போன வருசம் சீனி வருத்தம் எண்டு சொல்லிப்போட்டினம். கனடாவில இருக்கிற தம்பி காசு அனுப்புறன், சென்னைக்குக் கொண்டுபோய் வயித்தைச் சின்னனாக்கிற ஒப்பரேசன் செய்யுங்கோ எண்டுறான். செய்யலாமோ?" முள்ளியவளையில் ஒரு தகப்பனுக்கு 14 வயது மகனைப் பற்றிய கவலை. பெடியன் 76 கிலோ, வகுப்பில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள், இணையத்தில் ஒப்பரேசன் பற்றிப் பார்த்துவிட்டு அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். மூன்றாமவள் வவுனியாவைச் சேர்ந்த 18 வயதுத் தங்கச்சி. மாதவிடாய் ஒழுங்கில்லை, 82 கிலோ, வீட்டில் கலியாணப் பேச்சு. "அதுக்கு முதல் ஏதாவது செய்யவேணும் எண்டு அம்மா சொல்லுறா" என்று எழுதியிருந்தாள்.

தாதியாக நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். சத்திரசிகிச்சை நிபுணர் இல்லை. கட்டிலருகில் நின்று பார்த்ததையும் படித்ததையும் வைத்து, இந்த மூன்று வீடுகளும் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்கிறேன். முடிவை உங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற வைத்தியரோடு இருந்து எடுங்கள்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

நிறை மட்டும் போதாது, சுட்டெண் வேண்டும். கிலோவை உயரத்தின் (மீற்றரில்) வர்க்கத்தால் பிரித்தால் உடற்திணிவுச் சுட்டெண் வரும். பரந்தன் மகள் 1.58 மீற்றர், 104 கிலோ: சுட்டெண் 41.7. முள்ளியவளைத் தம்பி 1.60 மீற்றர், 76 கிலோ: 29.7. வவுனியாத் தங்கச்சி 1.55 மீற்றர், 82 கிலோ: 34.1. வளர்கிற பிள்ளைகளுக்கு இந்த எண்ணை வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் உரிய வளர்ச்சி அட்டையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் குறிக்கிற அதே அட்டைதான். அதை எடுத்து வையுங்கள், பழைய புள்ளிகளும் தேவைப்படும்.

நிறையோடு வந்த வருத்தம் என்ன? இரண்டாம் வகை நீரிழிவு, பிறஷர், ஈரலில் கொழுப்பு, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருதல், முழங்கால் இடுப்பு நோவு, பெண் பிள்ளைகளில் சூலகக் கட்டிகளோடு மாதவிடாய்க் குழப்பம். ஒரே சுட்டெண் உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு இவற்றில் மூன்று இருக்கும், மற்றவருக்கு ஒன்றும் இருக்காது. அவர்கள் இருவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். கழுத்தின் பின்புறம், அக்குள், இவற்றில் கறுத்துத் தடித்த தோலைப் பல அம்மாமார் அழுக்கு என்று நினைத்து தேசிக்காயும் பயத்தம்மாவும் போட்டுத் தேய்க்கிறார்கள். பிள்ளை வலியில் அழும். அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று உடம்பு வெளியே காட்டுகிற அடையாளம். தேய்ப்பதை விட்டுவிட்டு இரத்தத்தில் சீனியைச் சோதியுங்கள்.

வேறு காரணம் உண்டா? தைரொயிட் குறைபாடு, கோர்ட்டிசோல் கூடுதல், நீண்ட நாள் ஸ்டீரொயிட் குளிசை, சில வலிப்பு, மனநல மருந்துகள் எல்லாம் நிறையைக் கூட்டும். உயரம் வளராமல் நிறை மட்டும் ஏறும் பிள்ளையில் இதைக் கட்டாயம் தேட வேண்டும். இது தேடப்படாமல் ஒரு பிள்ளை சத்திரசிகிச்சைக் கட்டிலுக்குப் போகக்கூடாது.

கேட்பது பிள்ளையா, வீடா? பிள்ளை தனியே இருக்கும்போது கேட்டுப் பாருங்கள். 13, 14 வயதில் கையெழுத்து பெற்றோருடையது, வயிறு பிள்ளையுடையது.

பத்து வருடத்துக்கு யார் பார்ப்பது? வன்னியில் என் மனதில் மிகப் பாரமான கேள்வி இதுதான். ஒப்பரேசன் இரண்டு மூன்று மணித்தியால வேலை. அதன் பிறகான இரத்தப் பரிசோதனையும் விற்றமினும் ஆயுள் முழுக்க. துணுக்காயில் இருந்தோ, மாங்குளத்துக்கு உள்ளே ஒரு ஊரில் இருந்தோ, காலைப் பஸ்ஸைப் பிடித்து ஒரு கிளினிக்குக்குப் போய் வருவது என்றால் ஒரு நாள் கூலி போகும், பிள்ளையின் ஒரு நாள் பள்ளிக்கூடம் போகும். காசு தருகிற மாமா இந்த நாட்களைத் தரமாட்டார்.

## ஒரு பார்வையில்

| | வீட்டு மாற்றம் | மருந்து | சத்திரசிகிச்சை |
|---|---|---|---|
| யாரைக் கருதலாம் | எல்லாப் பிள்ளைகளையும் | 12 வயதுக்கு மேல், பருமன் உறுதியானவர்களை | 13 வயதுக்கு மேல், கடும் பருமன் உள்ளவர்களை மட்டும் |
| எவ்வளவு இறங்கும் | கொஞ்சம். வளரும் பிள்ளையில் கூடாமல் நிற்பதே வெற்றி | வார ஊசியில், ஆய்வில், 68 வாரத்தில் சுட்டெண் சராசரி 16% | பத்தாண்டு முடிவில் சுட்டெண் சராசரி 20% |
| நிறுத்தினால் | பழக்கம் போனால் நிறை வரும் | பெரும்பாலும் திரும்ப ஏறும் | இரைப்பையை வெட்டி எடுக்கும் வகையை (ஸ்லீவ்) திருப்ப முடியாது |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | தாயின் நேரம், வீட்டுச் சண்டை | மாதாமாதம் காசு, குளிர்ப்பெட்டி | ஆயுள்காலப் பரிசோதனை, விற்றமின், மீண்டும் ஒரு ஒப்பரேசன் |

## வழி ஒன்று: வீட்டையே மாற்றுவது

"சாப்பாட்டைக் குறை, ஓடு" என்று பிள்ளைக்கு மட்டும் சொல்வதை நான் இதில் சேர்க்கவில்லை. அது சிகிச்சையே இல்லை, தண்டனை. பலன் தருகிறது என்று காட்டப்பட்டிருப்பது முழுக் குடும்பமும் சேர்ந்து, பயிற்சி பெற்ற ஒருவரோடு 3 முதல் 12 மாதத்துக்குள் குறைந்தது 26 மணித்தியாலம் நேருக்கு நேர் இருந்து செய்வது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2023 வழிகாட்டியில் உள்ள கணக்கு அது. எங்கள் கிளினிக்கில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது எத்தனை நிமிடம் என்று யோசித்துப் பார்த்தால், "முயற்சி செய்தோம், சரிவரவில்லை" என்று பெற்றோர் சொல்லும்போது அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. உண்மையில் அந்த வழி அவர்களுக்குக் கொடுக்கப்படவே இல்லை.

வன்னிக்கு என்று ஒரு வரலாறும் இதில் இருக்கிறது. பரந்தன் மகள் 2009இல் செட்டிகுளம் முகாமில் பிறந்தவள். தாய் கர்ப்பமாக இருந்த மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர். அப்படி இருந்த ஒரு தாய் பிள்ளையின் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போடும்போது அதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? ஒல்லாந்தில் 1944–45 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தபோது கருவில் முதற்பாதியைக் கழித்த ஆண்களில், 19 வயதில், பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. பஞ்சத்தைக் கருவிலேயே உடம்பு நினைவில் வைத்துக்கொள்கிறது. குறையைப் பிள்ளையின் வாயில் மட்டும் தேடாதீர்கள்.

நடைமுறையில் நான் கண்ட பலனுள்ள மாற்றங்கள் சிறியவை. சோடாவையும் பக்கற் பாலையும் வீட்டுக்குள் கொண்டுவராமல் விடுவது. இங்கே குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போட்டிருக்கிறார்கள், கடையில் பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். ரியூசனுக்குப் போகும் வழியில் றோல்ஸ், பணிஸுக்குப் பதிலாக அவித்த கௌபி, கடலை. பாணும் சம்பலும் இரவில் வேண்டாம், புட்டென்றால் குரக்கன் மாவில், தேங்காய்ப்பூவைக் குறைத்து, மீன் கறியோடு. இரணைமடுக் குளத்து மீனும் முருங்கை இலையும் உள்ள ஊரில் பிள்ளைக்குப் பத்திய உணவைத் தனியாக வாங்கத் தேவையில்லை. போன் படுக்கைக்குள் போகக்கூடாது, நித்திரை குறைந்த பிள்ளைக்குப் பசி கூடும்.

மறைந்த செலவு என்னவென்றால் சண்டை. தம்பிக்கு ஐஸ்கிறீம், அக்காவுக்குக் கீரை என்றால் அக்கா ஒளித்துச் சாப்பிடப் பழகுவாள். அப்பாவும் சோடாவை விட வேண்டும். பெண் பிள்ளை மாலையில் நடக்க, ஓட இடம் எது என்ற கேள்வியும் உண்டு. யானை இறங்கும் ஊரில், வெளிச்சம் இல்லாத வீதியில், "தினமும் ஒரு மணித்தியாலம் நட" என்பது ஆலோசனை ஆகாது. பள்ளிக்கூட மைதானத்தில் வலைப்பந்துக்கோ எல்லேக்கோ ஒரு ஆசிரியரைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இந்த வழி யாருக்குச் சரி: சுட்டெண் மிக உயரவில்லை, வருத்தம் இல்லை, இன்னும் வளர உயரம் இருக்கிறது. முள்ளியவளைத் தம்பி 1.72 மீற்றருக்கு வளர்ந்தால், நிறை 76 கிலோவிலேயே நின்றாலும் சுட்டெண் 25.7 ஆகிவிடும். ஒரு கிலோகூடக் குறைக்காமல்! சுட்டெண் 40ஐத் தாண்டிய பிள்ளைக்கு இது மட்டும் பெரும்பாலும் போதாது, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

## வழி இரண்டு: மருந்து

மெற்ஃபோமின் குளிசை மலிவு, அரச கிளினிக்கில் கிடைப்பது. நீரிழிவுக்கும் சூலகக் கட்டிப் பிரச்சினைக்கும் உதவும். நிறையைக் கொஞ்சம்தான் இறக்கும். நீண்ட நாள் குடித்தால் பி12 குறையலாம்.

இப்போது எல்லோரும் கேட்பது ஊசியைத்தான். லிராகுளுடைட் தினமும், செமாகுளுடைட் வாரம் ஒரு முறை. பசியை அடக்கி, இரைப்பை வெறுமையாவதைத் தாமதமாக்கும். அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு நிறை குறைக்க லிராகுளுடைட்டை 2020இலும் செமாகுளுடைட்டை 2022 இறுதியிலும் அனுமதித்தார்கள். 201 பதின்வயதினரில் செய்த ஆய்வில் செமாகுளுடைட் போட்டவர்களின் சுட்டெண் 68 வாரத்தில் சராசரி 16.1 வீதம் இறங்கியது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. கத்தி வைக்காமல் இவ்வளவு என்பது பெரிய விடயம்தான்.

ஆனால் நிறுத்தியதும் பசி திரும்பும், நிறையும் திரும்பும். அதனால் "ஆறு மாதம் போட்டுப் பார்ப்போம்" என்று தொடங்குகிற ஊசி, உண்மையில் ஆண்டுக்கணக்கில் கொடுக்க வேண்டிய ஒன்று. வெளிநாட்டுக் காசு ஒரு வருடம் வந்து நின்றால் பிள்ளை தோற்றுப்போனதாக நினைக்கும். ஓங்காளம், வாந்தி, மலச்சிக்கல் வழக்கம். பித்தப்பையில் கல் வரலாம், கணைய அழற்சி அரிது. குடும்பத்தில் தைரொயிட்டின் ஒரு வகைப் புற்றுநோய் (மெடுலரி என்பார்கள்) இருந்தால் போடக்கூடாது. பிள்ளை பெற நினைப்பவர்கள் செமாகுளுடைட்டை இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

இனி எங்கள் ஊர்க் கணக்கு. திறக்காத ஊசிப் பேனா 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். பாவிக்கத் தொடங்கியதை வெளியே வைக்கலாம், ஆனால் 30 பாகைக்குக் கீழே, சில வாரங்களுக்குத்தான். சித்திரையில் கிளிநொச்சியில் தகரக் கூரை வீட்டுக்குள் மதியம் எவ்வளவு சூடு என்று உங்களுக்குத் தெரியும். குளிர்ப்பெட்டியும் நம்பகமான மின்சாரமும் இல்லாத வீட்டில் இந்த மருந்து வாங்கிய விலையைத் தராது. இன்னொன்று: உலக சுகாதார நிறுவனம் 2024இல் போலி செமாகுளுடைட் பற்றி எச்சரிக்கை விட்டது. ஆரோ வெளிநாட்டில் இருந்து பொதிக்குள் அனுப்பியதையோ இணையத்தில் வாங்கியதையோ பிள்ளைக்குப் போட வேண்டாம். வைத்தியர் எழுதி, பதிவுபெற்ற மருந்தகம் கொடுத்தது மட்டும்.

இந்த வழி யாருக்குச் சரி: வருத்தம் தொடங்கிவிட்டது, வீட்டு மாற்றம் போதவில்லை, சத்திரசிகிச்சைக்கான கட்டத்தில் இல்லை அல்லது பிள்ளைக்கு அதில் மனமில்லை, நீண்ட காலம் செலவுக்கு வழி உண்டு.

## வழி மூன்று: சத்திரசிகிச்சை

இது குறுக்குவழி, சோம்பேறிகளின் வழி என்கிற பேச்சை முதலில் தள்ளி வையுங்கள். ஒரு முறை நான் வேலை செய்த விடுதியில், பருமனான ஒரு பெண் பிள்ளையிடம் எல்லோருக்கும் கேட்க, "வாயை மூடினால் ஒப்பரேசன் தேவையில்லை" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். அந்தப் பிள்ளை அதன் பிறகு கிளினிக்குக்கே வரவில்லை. அன்று நான் வாய் திறக்காமல் நின்றது இன்றும் எனக்கு வலிக்கிறது. கடும் பருமனில் பசியையும் நிறைவையும் நடத்துகிற ஹோர்மோன்களே மாறிப்போயிருக்கும். சத்திரசிகிச்சை வேலை செய்வது வயிறு சின்னதாவதால் மட்டுமில்லை, அந்த ஹோர்மோன்களை மாற்றுவதாலும்.

இரண்டு வகை முக்கியம். ஸ்லீவ்: இரைப்பையின் ஏறக்குறைய 75–80 வீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்து, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற குழாயாக விடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் பகுதி பெருமளவு போய்விடும். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. நெஞ்செரிவு வரலாம், இருப்பது கூடலாம். பைபாஸ்: இரைப்பையின் மேற்பகுதியில் 30 மில்லிலீற்றர் அளவில் ஒரு சின்னப் பை செய்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு தொடுப்பார்கள். நீரிழிவுக்கும் நெஞ்செரிவுக்கும் நல்லது. ஆனால் சத்து உறிஞ்சுதல் கூடக் குறையும், இனிப்புச் சாப்பிட்டால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றால் போகும். நோவுக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைப் பிறகு குடிக்கக்கூடாது, புண் வரும். பதின்வயதினரில் இப்போது அதிகம் செய்யப்படுவது ஸ்லீவ்.

யாருக்கு? முன்பு சொன்ன அமெரிக்க 2023 வழிகாட்டி, 13 வயதும் அதற்கு மேலும் உள்ள கடும் பருமன் பிள்ளைகளை மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்கிறது. சுட்டெண் 35ஐத் தாண்டி அதோடு நீரிழிவு போன்ற வருத்தம் இருந்தால், அல்லது வருத்தம் இல்லாமலே 40ஐத் தாண்டினால். சின்ன வயதில் வளர்ச்சி அட்டைப்படி எல்லை இதைவிடக் கீழே இருக்கும். மதிப்பீட்டுக்கு அனுப்புவது என்றால் கட்டாயம் வெட்டுவது என்று பொருள் இல்லை.

பலனைப் பற்றி நீண்ட நாள் தொடர்ந்து பார்த்த ஆய்வு அமெரிக்காவில் 2007இல் தொடங்கியது. 242 பதின்வயதினரில் மூன்று ஆண்டு முடிவில் நிறை சராசரி 27 வீதம் குறைந்திருந்தது, நீரிழிவு இருந்தவர்களில் 95 வீதமானோருக்கு அது அடங்கியிருந்தது. 2024இல் வந்த பத்தாண்டு முடிவில் சுட்டெண் இன்னும் 20 வீதம் கீழே, நீரிழிவு அடங்கியே இருந்தவர்கள் 55 வீதம். பத்தாண்டுக்குப் பிறகும் பாதிப் பேருக்கு மேல் நீரிழிவு அடங்கி இருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குளிசையும் ஊசியுமாக இளம் வயதில் கண் மங்கிய, சிறுநீரகம் கெட்ட நோயாளிகளைப் பார்த்தவள் நான்.

அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு. முதல் 30 நாளில் எவரும் இறக்கவில்லை, ஆனால் 8 வீதமானோருக்குப் பெரிய சிக்கல் வந்தது. மூன்று ஆண்டில் 13 வீதமானோருக்கு வயிற்றில் மேலும் சிகிச்சை தேவைப்பட்டது, 57 வீதமானோரின் இரும்புச் சேமிப்பு குறைந்திருந்தது. சுவீடனில் பைபாஸ் செய்த 81 பதின்வயதினரில் ஐந்து ஆண்டுக்குள் கால்வாசிப் பேருக்கு மீண்டும் வயிற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. அதுவும் நல்ல பின்தொடர்தல் உள்ள நாட்டில்.

இப்போது வன்னி வீட்டில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். முதல் கிழமைகள் நீராகாரம், பிறகு மசித்தது, ஒன்றரை இரண்டு மாதத்தில்தான் சாதாரணச் சாப்பாடு. அதுவும் ஒரு சின்னக் கோப்பை அளவு. அந்தக் கோப்பைக்குள் நாளைக்கு 60 கிராம் புரதம் போக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். ஆகவே முதல் வாய் மீன், கடைசி வாய் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணித்தியாலம் விட வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம், வெள்ளி உபவாசம் இவற்றைப் பிள்ளை விட்டுவிட வேண்டியிருக்கும். ஐயரிடமும் அம்மம்மாவிடமும் முதலே சொல்லிவையுங்கள், பிறகு பிள்ளையைக் குற்றவாளி ஆக்காதீர்கள். பல்விற்றமின், கல்சியம், விற்றமின் டி, பி12, இரும்பு ஆகியவை ஆயுள் முழுக்க. மாதவிடாய் உள்ள பெண் பிள்ளைக்கு இரும்பு விடுபட்டால் மூச்சு வாங்கும் அளவுக்கு இரத்தம் குறையும்.

நான் மிகவும் பயப்படுவது வாந்தியை. நாட்கணக்கில் வாந்தி எடுத்தால் விற்றமின் பி1 தீர்ந்து, காலில் உணர்வு போகும், நடை தள்ளாடும், மூளையையும் பாதிக்கும். தீட்டிய வெள்ளை அரிசியில் பி1 குறைவு என்பதால் எங்களிடம் கையிருப்பும் சொற்பம். "ஒப்பரேசன் செய்தால் வாந்தி வரும்தானே" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். முதல் வாரங்களில் காய்ச்சல், நெஞ்சு வேகமாக அடித்தல், தோள்மூட்டு நோவு, கூடும் வயிற்று வலி வந்தால் தையல் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து அருகில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சத்திரசிகிச்சை எந்த வகை, எந்த நாளில் என்று எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. நிறை குறைந்ததும் சூலகம் வேலை செய்யத் தொடங்கும், எதிர்பாராமல் கருத்தரிக்கலாம். முதல் 12 முதல் 18 மாதம் கருத்தரிக்கக் கூடாது. பைபாஸ் செய்தவர்களில் கருத்தடைக் குளிசை சரியாக உறிஞ்சப்படாமலும் போகலாம். கலியாணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது இதைச் செய்வது பிழையான நேரம். ஆண் பிள்ளைகளுக்கு: சாராயமோ கசிப்போ கள்ளோ, முன்பைவிட வேகமாகத் தலைக்கு ஏறும், அடிமையாகும் ஆபத்தும் கூடும். தகப்பன் குடிக்கிற வீட்டில் இதை ஒளிக்காமல் பேச வேண்டும்.

மனமும் உண்டு. மூன்று முதல் ஆறு மாதத்தில் முடி கொட்டும், தோல் தொங்கும், கண்ணாடியில் தெரியும் உருவம் பிள்ளை கனவு கண்டதாக இருக்காது. சுவீடன் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில், நிறை இறங்கியும் மனச்சோர்வு பலரில் அப்படியே இருந்தது. அடக்க முடியாமல் சாப்பிடுகிற, கையில் கீறிக்கொள்கிற, பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளைக்கு முதலில் மனநல வைத்தியர். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, போவதில் வெட்கம் இல்லை.

## பலூனும் பட்டியும்

இரைப்பைக்குள் பலூன் வைப்பது ஆறு மாத வேலை. எடுத்ததும் நிறை திரும்புவது வழக்கம். இரைப்பையைச் சுற்றிப் பட்டி கட்டுவதைப் பெரும்பாலான இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். பதின்வயதுப் பிள்ளைக்கு யாராவது இவற்றை "சின்ன விடயம்" என்று விற்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

## பொறுத்திருப்பது

இதையும் ஒரு தெரிவாகத்தான் எண்ண வேண்டும். சும்மா இருப்பது வேறு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிறை, பிறஷர், சீனி, ஈரல் பார்த்துக்கொண்டு பொறுப்பது வேறு. உயரம் வளரும் பிள்ளைக்கு, ஓ.எல் சோதனை முடியாத பிள்ளைக்கு, மனம் இன்னும் இரண்டாகக் கிடக்கிற பிள்ளைக்குப் பொறுப்பதில் நட்டம் குறைவு.

நீரிழிவு வந்த பிள்ளைக்கு மட்டும் கணக்கு மாறும். சிறுவயதில் வரும் இரண்டாம் வகை நீரிழிவு பெரியவர்களுடையதைவிட முரடு. அமெரிக்காவில் அப்படியான இளையோரைத் தொடர்ந்து பார்த்ததில், சராசரி 26 வயதிலேயே 60 வீதமானோருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு இவற்றில் ஒன்றிலாவது பாதிப்பு வந்திருந்தது. ஐந்தாண்டு ஒப்பீடு ஒன்றில், பதின்வயதில் பைபாஸ் செய்தவர்களில் 86 வீதமானோருக்கும் வளர்ந்தபின் செய்தவர்களில் 53 வீதமானோருக்கும்தான் நீரிழிவு அடங்கியது. "வளரட்டும், பிறகு பார்ப்போம்" என்பது இவர்களுக்குப் பாதுகாப்பான சொல் இல்லை.

## செய்வதென்றால் எங்கே?

பலாலியில் இருந்து விமானம் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சென்னை. அதனால்தான் வெளிநாட்டு உறவுகளின் வாயில் முதலில் சென்னை வருகிறது. அங்கே அனுபவமுள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள், மொழிச் சிக்கலும் இல்லை. ஆனால் ஒரு மாதம், மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதம், பிறகு ஆண்டுதோறும் என்று வரும் பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் விசா, பயணச்சீட்டு, கூடப்போகிறவரின் செலவு. நடுவில் சிக்கல் வந்தால் பார்க்கப்போவது கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வைத்தியர், அவர் அந்த ஒப்பரேசனைச் செய்தவர் இல்லை. கொழும்பு என்றால் ஏ9இல் ஒரு இரவுப் பயணம்தான், பதிவேடுகளும் நாட்டுக்குள் இருக்கும். பிள்ளைகளுக்கான அகஞ்சுரப்பிப் பிரிவு கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிப் பிள்ளை வைத்தியரிடம் கடிதம் வாங்கிப் போனால் காரணம் தேடும் சோதனைகளை இலவசமாகவே முடிக்கலாம்.

எங்கே என்றாலும் எழுத்தில் வாங்க வேண்டிய பதில்கள்: பதின்வயதினரில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? சொன்ன தொகைக்குள் முன்சோதனை, மயக்கமருந்து, தீவிர சிகிச்சை, சிக்கல் வந்தால் மறுபடி திறப்பது எல்லாம் அடங்குமா? போசணை ஆலோசகரும் மனநல வைத்தியரும் குழுவில் இருக்கிறார்களா? எங்கள் ஊர் வைத்தியருக்குக் கடிதம் எழுதித் தொடர்பில் இருப்பீர்களா? பிள்ளையை ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த கிழமை நாள் குறிக்கிற இடத்தை நான் நம்பமாட்டேன். நல்ல குழு மாதக்கணக்கில் தயார்படுத்தும்.

## அந்த மூன்று வீடுகளுக்கு

முள்ளியவளை அண்ணை, தம்பிக்கு ஒப்பரேசன் வேண்டாம், ஊசியும் இப்போது வேண்டாம். சீனியும் ஈரலும் ஒருமுறை பாருங்கள். வீட்டில் சோடாவை நிற்பாட்டுங்கள், நீங்களும்தான். பட்டப்பெயர் விடயத்தை வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவன் தேடுவது சின்ன வயிறு இல்லை, அந்தப் பெயர் நிற்பது. அதை நிறுத்துவது பெரியவர்களின் வேலை.

வவுனியாத் தங்கச்சி, உனக்குச் சூலகப் பிரச்சினைக்கு முதலில் சிகிச்சை வேண்டும். பெண்நோய் கிளினிக்கில் காட்டு, மெற்ஃபோமினும் சாப்பாட்டு மாற்றமும் மாதவிடாயைச் சீராக்கவும் உதவும். சுட்டெண் 34, நீரிழிவு இல்லை என்றால் கத்திக்கு அவசரமே இல்லை. ஊசி பற்றி வைத்தியரோடு பேசலாம், ஆனால் கலியாணம் நிச்சயமானால் நிறுத்த வேண்டிய காலத்தையும் சேர்த்துக் கேள். மாப்பிள்ளை வீட்டுக்காக என்று மட்டும் எதையும் தொடங்காதே. அம்மாவை என்னோடு கதைக்கச் சொல்லு.

பரந்தன் அக்கா, உங்கள் மகளுக்குச் சத்திரசிகிச்சையைப் பற்றி உண்மையாகவே யோசிக்க வேண்டும். சுட்டெண் 41.7, நீரிழிவும் வந்துவிட்டது, ஆண்டுகளைக் கடத்தக் கூடாது. ஆனால் கனடாவில் உள்ள உங்கள் தம்பியிடம் இப்போதே சென்னைக்கு நாள் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் மாவட்ட ஆஸ்பத்திரியில் பிள்ளை வைத்தியரிடம் கடிதம், காரணம் தேடும் சோதனை, மனநலப் பிரிவில் ஒரு பேச்சு. இந்த மாதங்களில் பல்விற்றமின் குளிசையைத் தினமும் தானாக எடுத்துக் குடிக்கிறாளா, முதல் வாய் மீன் என்று பழகுகிறாளா என்று பாருங்கள், ஞாபகப்படுத்தாமல். தம்பி அனுப்ப நினைத்த காசில் ஒரு பகுதியை ஒப்பரேசனுக்கு என்று எடுக்காமல், அதற்குப் பிறகான ஐந்து வருடப் பரிசோதனைக்கும் குளிசைக்கும் பயணத்துக்கும் என்று வங்கியில் தனியாகப் போடச் சொல்லுங்கள். அதற்கு அவர் சம்மதித்தால் மிச்சத்தைப் பேசலாம்.

மகளிடம் நீங்கள் கேட்டீர்களா என்று நான் கேட்டபோது, "அவள் ஒண்டும் சொல்லேல்லை" என்றீர்கள். அடுத்த முறை வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் வெளியே வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் இருங்கள். நான் அவளோடு தனியாகக் கதைக்கிறேன்.